பூஜைக்கு வைத்த ஆராய்ச்சி நோட்டு

இதை எழுத நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். மகள் படித்தால் மனசு நோவாளே என்றுதான். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஆரியசாலையில். மகள் வடிவக் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தாள். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“எடை இருந்தா அதைச் சுத்தி இடமே வளையும்னு புவியீர்ப்புக்கு ஒரு சமன்பாடு இருக்கும்மா. நாங்க எடையைப் பூரா எடுத்துருவோம். ஒண்ணுமே இல்லாத இடம் அப்பவும் வளைஞ்சு நிக்குமான்னு பாப்போம்.”

“ஒண்ணுமில்லைன்னா எதுக்கு வளையணும்?”

“நீளம், அகலம், உயரம் மட்டும்னா வளையாது. இன்னொரு திசை கூடினா வளையலாம். நட்சத்திரத்துக்கு எழுதின சமன்பாடு, எண்ணிமுடியாத வடிவத்துல எது சீரானதுன்னு எங்களுக்குப் பொறுக்கித் தருது.”

பாதிதான் புரிந்தது. ஆனாலும் கை தானாகக் கும்பிட்டது.

அந்த நவராத்திரியில், அவள் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது என்று அவளுடைய கைடு பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆய்வேட்டைக் கொடுக்க விஜயதசமிக்கு மறுநாள் கடைசி. அதற்குமேல் தவணை கிடையாது. எங்கள் ஊர் வழக்கப்படி அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலைவரை யாரும் படிக்கவோ எழுதவோ கூடாது. அவள் குளிக்கப் போன நேரம், நோட்டையும் லேப்டாப்பையும் எடுத்துப் பட்டுத்துணி போர்த்தி வைத்துவிட்டேன். சரஸ்வதி வழிகாட்டுவாள் என்று நம்பினேன்.

“அம்மா, என் நோட்டெங்கே?”

“பூஜைக்கு வச்சாச்சு மக்களே.”

“ஐயோ! எனக்கு இருக்கதே இந்த நாலு நாளுதானே!”

அவள் அப்பா சிரித்தார். “உனக்க கைடு கைவிட்டாச்சு. இனி அம்மைக்க கைடு பாத்துக்கிடுவா.”

“எடுத்தா நான் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன்” என்றேன்.

அவள் எடுக்கவில்லை. பூஜை முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தொடையில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருந்தாள். “விரலாலயும் எழுதப்பிடாது” என்று அதையும் தடுத்தேன், பாவி நான்.

விஜயதசமி காலை நோட்டைக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம்வரை எழுதினாள். ஓட்டை அடைபடவில்லை. அவள் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகிவிட்டது.

“நோட்டு கையில இருந்தாலும் முடிஞ்சிருக்காதும்மா” என்றாள்.

உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா? அதைச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் திரும்பக் கேட்கவில்லை. இப்போது டியூஷன் சென்டரில் பிளஸ் டூ கணக்கு எடுக்கிறாள். நான் விளக்கேற்றுகிறேன், என்ன வேண்டுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

யாரிடமாவது இதைச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். தேவி தண்டித்தாள் என்றோ, பிறகு அற்புதம் நடந்தது என்றோ ஒரு வார்த்தை கூட்டாதீர்கள். எடுத்து வைத்தது என் கை.