அம்மா உண்டாக்கிய திருடன்

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வேன் திருடன் என்று ஒருவன் இருந்ததே இல்லை. அவனை உண்டாக்கியது என் அம்மா. உட்லண்ட்ஸ் வீட்டுச் சமையலறையில், தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே, ஒரு காலை நேரத்தில் உண்டாக்கினாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தடுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.

அப்பா வாழ்நாள் முழுக்க வேன் ஓட்டியவர். வாழை இலை, முருங்கைக்காய், கீரைக்கட்டு, தேங்காய் என்று தேக்கா மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் விடிவதற்குள் இறக்கிவிட்டு வருவார். வேன் மிகவும் பழசு. பின்கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும், எங்களைத் தவிர யாருக்கும் அது படியாது. வேலையை விட்ட பிறகும் அவர் வேனை விடவில்லை. சரக்கு இல்லாமலே தேக்கா வரை ஓட்டிப் போய், தெரிந்த கடைக்காரர்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வருவார்.

ஒருநாள் தேக்காவுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் துவாஸில் போய் நின்றார். தீவின் ஒரு கோடியில், கொள்கலன் லாரிகள் நுழையும் ஒரு வாசலில் வேனை நிறுத்திவிட்டு, "இங்க மார்க்கெட் இருந்துச்சே, எப்ப இடிச்சாங்க?" என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர் அந்தக் காவலாளி. அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அப்பாவின் கைப்பேசியிலேயே என் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தார். ஜூரோங்கில் வேலை பார்க்கிற நான் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ எங்க இங்க?" என்றார்.

மருத்துவர் முதுமை மறதி என்றார். இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். அப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்ததும், "சின்னப் பையன் லா. அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் லைசன்ஸ் எடுத்தவன்" என்றார். மறுநாள் காலை சாவியோடு வாசலுக்கு வந்துவிட்டார். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா தன் மகளான என்னைப் பார்த்துக் கத்தினார். சாவியை ஒளித்து வைத்தோம். வீட்டையே தலைகீழாக்கித் தேடினார். கிடைத்தது, மறுபடி ஒளித்தோம். மறுபடி கத்தினார், தேடி எடுத்துக்கொண்டார். ஓட்ட விட்டால் யாரையாவது மோதுவார், இல்லை அவரே போய்ச் சேருவார். உங்களால் இனி முடியாது என்று சொன்னால் நொறுங்கிப் போகிறார், அதையும் மறுநாள் மறந்துவிடுவதால் தினம் தினம் புதிதாக நொறுங்கினார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

அப்போதுதான் அம்மா அந்தத் தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:

"ஏங்க, விஷயம் தெரியுமா? நம்ம கார்பார்க்ல வண்டி திருடுறானாம். பழைய வேனாப் பாத்துத் தூக்குறானாம். புது வண்டியெல்லாம் அவனுக்கு வேணாமாம், பழசுக்குத்தான் சாமான் கெடைக்காதாம்."

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "நம்ம ஊர்லயா?"

"நம்ம ஊர்லதான். சாவிய வெளிய வைக்காதீங்க. எங்கிட்டக் குடுங்க, பீரோவுல வைக்கிறேன்."

மருத்துவர் சொல்லி நடக்காதது, நான் அழுது நடக்காதது, ஒரு நொடியில் நடந்தது. அப்பா எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். "பத்திரம்" என்றார். சமையலறையில் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு திருடனை வளர்ப்பதுதான் எங்கள் வீட்டு வேலை. முதலில் சில நாள் அம்மா அவனை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பிறகு, வேறு எதை மறந்தாலும் அப்பா இவனை மட்டும் மறக்கவில்லை. மருந்து சாப்பிட்டதை மறந்தார், தன் தங்கையின் கணவர் இறந்ததை மறந்து நலம் விசாரித்தார். திருடன் மட்டும் அவர் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டான். "ஒரு பூட்டு வாங்கணும்" என்றார். மஞ்சள் நிறத்தில் ஸ்டீயரிங் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன். அது போதாது என்றார். சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி, பின்கதவுக்குத் தனியாக ஒரு பெரிய பூட்டு, முன்கதவுகளின் கைப்பிடிகளைச் சேர்த்துக் கட்ட இன்னொரு சங்கிலி. மெக்கானிக்கை வரச்சொல்லி பேட்டரியையே கழற்றிவிட்டோம், அது எங்களுக்காக. பேட்டரி எங்கே என்று அப்பா கேட்டபோது, "அதத்தான் மொதல்ல திருடுறானாம்" என்றாள் அம்மா. அப்பா, "நல்ல வேல செஞ்சீங்க" என்று என் தோளைத் தட்டினார். ஆயுத பூசை வந்தது. அம்மா வேனுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள், ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாக வைத்தாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தோம், நசுக்குவதற்கு வண்டி நகர வேண்டுமே, நகரவில்லை. அம்மா அதைக் கையால் பிழிந்துவிட்டு வந்தாள்.

கதை நிற்க வேண்டுமென்றால் சாட்சி வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியம்மாவிடம், அப்பா கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தாள். மக்சிக் நல்ல மனதுக்காரர், ஆனால் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு காரியம் செய்ய அவரால் ஆகாது. காப்பிக் கடையில் சொன்னார், மின்தூக்கியில் சொன்னார். கொஞ்ச நாளில் புளோக் முழுக்கத் திருட்டுப் பேச்சு. ஆளாளுக்கு சைக்கிளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கம்பிக் கதவோடு பூட்டினார்கள். யாரோ புகார் செய்திருக்க வேண்டும், மின்தூக்கி வாசலில் நான்கு மொழிகளிலும் ஓர் எச்சரிக்கைத் தாள் ஒட்டப்பட்டது: உங்கள் வாகனங்களைப் பூட்டி வையுங்கள். அப்பா தமிழ் வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா, அரசாங்கமே சொல்லிட்டாங்க" என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் காவலுக்கு இறங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் சமையலறைச் சன்னலில் நின்று கார்பார்க்கைப் பார்ப்பார். பிறகு மடக்கு நாற்காலியோடு கீழே போனார். அங்கிருந்து பார்த்தால் பின்பக்கம் தெரியவில்லை என்று, சங்கிலியை அவிழ்த்து வேனுக்குள்ளேயே உட்காரத் தொடங்கினார். சங்கிலிச் சாவி மட்டும் அவர் பனியன் பைக்குள் இருந்தது, கேட்டால் தரமாட்டார். கண்ணாடியை இறக்கினால் திருடன் கை விடுவான் என்று ஏற்றி வைத்துக்கொள்வார். சாப்பிட அழைத்தால், "நீங்க சாப்பிடுங்க, நான் இங்க இருக்கணும்" என்பார். அம்மா சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக் கீழே எடுத்துப் போவாள். ஒருநாள், திருடனைப் பிடித்துவிட்டார்களாம் என்று சொல்லிப் பார்த்தாள். அப்பா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஒருத்தன் புடிபட்டா அவன் கூட்டாளி இருப்பான்" என்றார்.

கார்பார்க்கின் மேல்தளம் அது, கூரை கிடையாது. ஒரு மத்தியானம் மக்சிக் அங்கே காயப்போட்ட துணியை எடுக்க வந்தவர், வேனுக்குள் அப்பா ஒரு பக்கமாகச் சரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஆம்புலன்ஸை அழைத்ததும் அவர்தான். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அம்மா நடைபாதையில் உட்கார்ந்து, "நாந்தான் அவரக் கொல்லப் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஓட்டினால் செத்துப்போவார் என்று நிறுத்திய வண்டி, நின்ற இடத்திலேயே அவரைக் கொண்டுபோகப் பார்த்தது.

வண்டி போகட்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். அதன் வாகன உரிமைச் சான்றிதழ் எப்படியும் சில மாதங்களில் முடிகிறது, முடிந்தால் வண்டியை வைத்திருக்க அரசாங்கம் விடாது, ஆனால் அதுவரை காத்திருக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. பழைய வண்டி எடுக்கும் ஒருவரிடம் பேசினேன். பூட்டையெல்லாம் எடுத்துச் சக்கரத்தைச் சும்மா வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், இழுவை லாரி கொண்டு வருகிறேன் என்றார். அப்பா வீடு திரும்பி, சற்றுத் தேறிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். அம்மா அவரைத் தேக்காப் பக்கம் கோயிலுக்கு அழைத்துப் போவாள், பூசை முடிந்து இலைச் சாப்பாடு சாப்பிட்டு மெதுவாக வருவார்கள். அதற்குள் வேன் போயிருக்கும். திருடன் எடுத்துவிட்டான் என்று சொல்வோம். அழுவார், ஒருநாள் மறப்பார், உயிரோடு இருப்பார் என்று நினைத்தோம்.

அவர்கள் ரயில் ஏறியதும் நான் மேல்தளத்துக்குப் போனேன். சங்கிலிச் சாவியை அம்மா முதல்நாளே அவர் பனியனிலிருந்து எடுத்துத் தந்திருந்தாள். வெயிலும் மழையும் பட்டு எல்லாப் பூட்டுகளும் துருவேறி இருந்தன. ஸ்டீயரிங் பூட்டு கழன்றது. பின்கதவுப் பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திருக வேண்டியிருந்தது. சக்கரச் சங்கிலி அசையவே இல்லை. நாமே போட்டதை நம்மால் கழற்ற முடியவில்லையே என்று எரிச்சலில் தரையில் உட்கார்ந்து, சங்கிலியை இழுத்து இழுத்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன்.

கோயிலில் என்ன நடந்தது என்று அம்மா பிறகுதான் சொன்னாள். செருப்பைக் கழற்றி வைத்த அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். வண்டிக்கு யார் காவல் என்று கேட்டாராம். அம்மா சொன்ன எதுவும் எடுபடவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி டாக்சியை நிறுத்திவிட்டார். அவள் எனக்கு அழைத்திருக்கிறாள், என் கைப்பேசி வேன் கூரைமேல் கிடந்தது, வாகன இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை, நெற்றியில் விபூதியும் இல்லை. மின்தூக்கி வாசலில் அம்மா மூச்சிரைக்க நின்றாள். என் கையில் சாவி, மடியில் பூட்டு. கையும் களவுமாக என்பார்களே, அதுதான்.

"அப்பா" என்றேன்.

அவர் கண்ணில் நான் இல்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, மரியாதையாக, கைகளைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"நான் போலீசுக்குச் சொல்லமாட்டேம்மா. பாத்தா நல்ல வீட்டுப் புள்ளையாட்டம் இருக்க. கஷ்டம் இருந்திருக்கும், அதான் வந்திருப்ப. வேற எது வேணும்னாலும் எடுத்துக்க. இந்த வண்டிய மட்டும் விட்டுரு. சாயங்காலம் எம் பொண்ண ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும். சின்னப் புள்ள. நான் வரலன்னா வேற யாரோடவும் வரமாட்டா, வாசல்லயே நிப்பா."

உண்மைதான். நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மழைநாளில் மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகும், வாட்ச்மேன் உள்ளே வரச் சொல்லியும், கீரை வாசனை அடிக்கும் அந்த வேன் வரும்வரை அசையமாட்டேன். நான்தான்ப்பா அந்தப் பொண்ணு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவர் மகளே அவர் வண்டியைத் திருடியவள் ஆகிவிடுவாள். பேட்டரி இல்லாத வண்டி, சாவி கையில் இருந்தாலும் எங்கும் போகாது. எழுந்து, எல்லாச் சாவிகளையும் அவர் கையில் வைத்தேன்.

"எடுக்கல ஐயா. மன்னிச்சிருங்க" என்றேன்.

அப்பா சாவிகளை இறுகப் பிடித்துக்கொண்டார். என் முழங்கையில் ரத்தம் கசிவதை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மெதுவாக, வலிக்காமல் அதைத் துடைத்துக் கட்டிவிட்டார்.

"பரவால்லம்மா. வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்றார். "ஒங்க அப்பா தேடிக்கிட்டு இருப்பாரு."