ரிமோட் பை வைத்த சோபா

அந்த வேனை ரிவர்ஸ் எடுத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். கியர் விழுந்ததும் பின்பக்கத்திலிருந்து ஒரு பொம்மைப் பாட்டு கீச்சுக் குரலில் கிளம்பும். எல்லா ஜன்னல்களும் திறக்கும்வரை நிற்காது. யார் வீட்டு வாசலை நோக்கி அந்தப் பாட்டு வருகிறதோ, அந்த வீட்டுக்காரருக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடும்.

வேனை ஓட்டியவரை எல்லோரும் நெட்டை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியில் ஏறினாலும் தலை இடிக்கும். சோடா கம்பெனி லாரியில் பல வருஷம் இடித்துக்கொண்டார், அந்தக் கம்பெனி மூடியதும் பள்ளிக்கூட வேனில் இடித்துக்கொண்டார், அதுவும் போய் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கோர்ட் அமீனா ஒருவரிடம் வேலை கிடைத்தது. கடன் கட்டாதவர் வீட்டுக்குக் கோர்ட் உத்தரவோடு போய்ப் பொருள்களை ஜப்தி செய்கிறவர் அமீனா. அள்ளிய சாமானை ஏற்றி வர ஒரு வேனும், அதை ஓட்ட ஓர் ஆளும் அவருக்கு வேண்டியிருந்தது.

மனைவியிடமும் தங்கையிடமும் டிரைவர் வேறு மாதிரி சொல்லி வைத்தார். மரச்சாமான் கடைக்கு லோடு அடிக்கிறாராம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது என அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த வேனில் சாமான் ஏறுவதே அபூர்வம். கதவு திறந்த வண்டி வாசலில் நின்றாலே போதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் மனுஷர்கள் எங்கிருந்தாவது பணத்தைப் புரட்டிவிடுவார்கள். அப்போது அமீனா தவணையோடு நிறுத்த மாட்டார். வந்து போனதற்கு ஒன்று, வேன் வாடகை ஒன்று, சாமான் தூக்க வராத ஆளுக்குக் கூலி ஒன்று, உடைக்காத பூட்டுக்குப் பூட்டுக்காரர் செலவு ஒன்று. காலையில் ஒரே தெருவில் நாலு வீட்டுக்குப் போனால், ஒரே வேனுக்கு நாலு வாடகை.

அதெல்லாம் சட்டப்படிதான் போலிருக்கிறது என்று டிரைவர் முதலில் நினைத்தார். இரண்டாவது வாரம் ஒரு முடிதிருத்துகிறவர், கையில் சோப்பு நுரையோடே வெளியே வந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரசீது போட்டுக் கொடுங்கள் என்றார். அமீனா சிரித்துக்கொண்டே தவணையை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். ஏன் ஐயா மீதியை வாங்கவில்லை என்று டிரைவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

“ரசீது கேக்கறவங்ககிட்ட அதெல்லாம் வாங்கக் கூடாதுப்பா,” என்றார் அமீனா. “அது தப்பு.”

அன்று டீக்காசு என்று அமீனா கொடுத்ததை டிரைவர் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாளும் வாங்கினார். தெரியாமல் வாங்கியது வேறு, தெரிந்து வாங்குவது வேறு என்று மனசு முதல் வாரம் முணுமுணுத்தது. பிறகு வீட்டு வாடகை, பையனின் ஸ்கூல் பீஸ் என்று மாசம் ஓட ஓட அந்த முணுமுணுப்பும் வேன் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

காலி வேனைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பயம் வராது, உள்ளே ஏதாவது ஒரு சாமான் கிடக்க வேண்டும் என்று ஒரு நாள் அமீனா சொன்னார். வேறொரு வீட்டில் அள்ளியது போலத் தெரிய வேண்டுமாம். டிரைவர் தன் வீட்டுப் பழைய சோபாவைக் கொண்டுவந்து போட்டார். அதற்கும் அமீனா காசு கொடுத்தார். பழைய சாமான் கடையில் போட்டுவிட்டேன் என்று டிரைவர் மனைவியிடம் சொன்னார். மத்தியானத்தில் வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு, காலை வெளியே நீட்டி, அந்தச் சோபாவில்தான் தூங்குவார்.

அதன் கைப்பிடி ஒருமுறை கிழிந்தபோது அவர் தங்கைதான் நீலத் திரைச்சீலைத் துணியில் ஒட்டுப்போட்டு, கூடவே ஒரு பையும் தைத்துக் கொடுத்திருந்தாள். “டிவி ரிமோட்ட இதுலயே வை அண்ணே, தினமும் அண்ணி மேல பழி போடாத,” என்று சொல்லித் தைத்த பை.

தங்கை தன் வீட்டு முன்அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மெஷினைக் கடனில் எடுத்திருந்தாள் என்பது டிரைவருக்குத் தெரியும். எதிர்த்த அலுவலகம் இடம் மாறிப் போனதும் கூட்டம் குறைந்து தவணை நின்றுபோனதை அவள் சொல்லவில்லை. அண்ணனே இப்போதுதான் வேலை கிடைத்துத் தலைதூக்குகிறான், அவனிடம் போய் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

அன்று காலை அமீனா வழக்கம்போல இடது, வலது என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். கடைசித் திருப்பத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். அமீனா கை காட்டியது தங்கையின் வாசலை.

ஐயா, இது என் தங்கச்சி வீடு. அவ்வளவுதான், சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததை மென்று விழுங்கினார். வேலை போய்விடுமே என்ற பயம் ஒன்று, தான் செய்கிற வேலை தங்கைக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் ஒன்று. இரண்டில் எது பெரியது என்று யோசிக்கக்கூட இல்லை. கை பழக்கத்தில் ரிவர்ஸ் கியரைப் போட்டது. பொம்மைப் பாட்டு கிளம்பியது.

எல்லா வீட்டிலும் அவர்தான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறப்பார். அன்று இறங்கவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றார். அமீனா முனகிக்கொண்டே தானே போய்த் திறந்தார். டிரைவர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, அத்தனை உயரத்தையும் ஸ்டியரிங்குக்குக் கீழே மடித்து வைக்கப் பார்த்தார்.

பக்கக் கண்ணாடியில் தங்கை தெரிந்தாள். மெஷினுக்கு முன்னால் கையை விரித்து நின்று அமீனாவிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். சட்டென்று பேச்சை நிறுத்தினாள். வேனுக்குள்ளேயே பார்த்தாள். பிறகு மெஷினின் இரண்டாவது பேப்பர் தட்டை இழுத்து, அதற்குள் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். எண்ணிக்கூடக் கொடுக்கவில்லை.

அன்றைய டீக்காசு வழக்கத்தைவிட அதிகம். டிரைவர் அதையும் வாங்கினார்.

சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது தங்கை அங்கே நின்றிருந்தாள். சோபா இருந்த இடத்தில் இப்போது கிடக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கவர்.

“ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

வேனில் தன்னைப் பார்த்துவிட்டாள் என்றே டிரைவர் நினைத்தார். ஆனால் அவள் சொல்ல வந்தது வேறு. அமீனா வந்ததை, வேனுக்குள் ரிமோட் பை வைத்த சோபாவைப் பார்த்ததை, அண்ணன் வீட்டிலும் ஜப்தி நடந்துவிட்டது என்று நினைத்துவிட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கவரை அண்ணியின் கையில் திணித்தாள். கொஞ்சம்தானாம், இப்போதைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. “அந்த சோபா பழைய சாமான் கடைக்குல்ல போச்சு? அப்ப கடைக்காரன் வீட்டுலதான் ஜப்தியா இருக்கும்,” என்றாள். “நல்லா வேணும் அவனுக்கு, எவ்வளவு கம்மியா எடுத்துக்கிட்டான்.”

தங்கைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவருக்கு அது போதும். ஆமாம் என்று தலையாட்டினால் தப்பித்துவிடலாம். அவரும் பாதி ஆட்டிவிட்டார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “வேன் வாடகை, ஆள் கூலின்னு அந்த ஆள் அடுக்கிட்டே போனான்ணே. எதுவுமே ஏத்தலயே, எதுக்கு வாடகைன்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். சோபாவப் பார்த்ததும் வாய் அடைச்சுப் போச்சு. எங்க அண்ணனே எதுத்துப் பேசாம குடுத்திருக்கான்னா, நான் எந்த மூலைக்குன்னு குடுத்துட்டேன்.”

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வண்டிய ஓட்டினது நான்தாம்மா,” என்றார்.

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கண்ணாடியில என்னப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

அவள் அண்ணியின் கையிலிருந்த கவரைத் திரும்ப எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்றபடி, நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகிறேன், வந்து உன் வாயால் சொல்கிறாயா இல்லையா என்று கேட்டாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

போனார். வேன் சாவியை அமீனாவின் மேஜையில் வைத்துவிட்டு, மாடியேறி, கோர்ட் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். டீக்காசையும் சோபாவையும்கூட விடவில்லை. அமீனாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதிகமாக வாங்கிய பணம் தங்கைக்குத் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். மற்ற வீட்டுக்காரர்களும் நேரில் வந்து சொன்னால் அவர்களுக்கும் கிடைக்குமாம். ஆனால் ரசீதே இல்லாததால், எந்தெந்த வீட்டில் அதிகமாக வாங்கியது என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

டிரைவருக்குத் தெரியும். அவர் எந்த வீட்டையும் முகத்தை வைத்து ஞாபகம் வைத்திருக்கவில்லை. வேனைப் பின்னால் எடுத்ததை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். சாக்கடைக்கல் உடைந்த வாசல், சக்கரம் இடித்த படி, கண்ணாடியில் உரசிய கொய்யா மரம். அந்த அடையாளங்களைத் தேடி அடுத்த நாளே நடந்து போனார். தங்கையும் கூட வந்தாள். அவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் கொய்யா மரத்து வீடு. ஒரு அம்மா கதவைத் திறந்தார். நெட்டை ஆளை அண்ணாந்து பார்த்தார். டிரைவர் பேச வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டார். உள்ளே டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கசங்கிய நோட்டுகளை நீட்டினார்.

“இவ்வளவுதான்ப்பா இருக்கு. வண்டிய மட்டும் இங்க திருப்பாத,” என்றார்.

“நான் வாங்க வரலம்மா,” என்றார் டிரைவர்.

அந்த அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சீக்கிரம் வாங்கிக்கொள்ளும்படி கண்ணால் கெஞ்சினார். டிரைவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தங்கைதான் முன்னால் போய், அந்த அம்மாவின் விரல்களைப் பணத்தின் மேலேயே மெல்ல மூடிவிட்டு, வந்த விஷயத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.