சித்ரகலா எடுக்காமல் விட்ட குழாய்

சித்ரகலாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஃப்ளாட்லாக் தையல் மெஷினில் வேலை. பதினாறு வருஷம். அவள் அடித்த மடிப்பு பிரிந்து திரும்பி வந்ததே இல்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அப்படிக் கைதேர்ந்தவளுக்கு முப்பத்தாறு வயதில் இரண்டு கிட்னியும் போயின. மூன்று வருஷம் டயாலிசிஸ். கடைசி வருஷம் ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை. அந்தக் கொடுமை பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

குண்டடத்தில் காட்டில் களையெடுக்கப் போகும் அம்மா மயிலாள், யாரும் கேட்குமுன்பே தன் கிட்னியைக் கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து முதல்முறை தானாகக் கக்கூஸ் போன அன்று சித்ரகலா உட்கார்ந்த இடத்திலேயே ஓவென்று அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். கிட்னியிலிருந்து சிறுநீர் இறங்கும் வழி அடைத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்களாம். ஆறு வாரத்தில் வந்தால் பத்து நிமிஷத்தில் இழுத்து எடுத்துவிடலாமாம்.

இழுத்து என்ற சொல்தான் அவள் காதில் நின்றது. ஃப்ளாட்லாக் தையலில் நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் மடிப்பு முழுக்கச் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். பிசகிய பீஸ்களை அவளே அப்படி எத்தனையோ தடவை பிரித்திருக்கிறாள். குழாயை இழுத்தால் உள்ளே போட்ட தையலும் பிரியும், சிறுநீர் நின்றுபோகும் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி. கேட்டால் சிரிப்பார்களே என்ற வெட்கம். குறித்த நாளில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டாள். கம்பெனி வேன் ஓட்டும் புருஷன் மோகன்ராஜிடம், எடுத்தாச்சு என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, திருப்பூரிலேயே எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

பத்து மாதம் நன்றாகத்தான் போனது. மெஷினுக்கும் திரும்பினாள். மாற்றி வைத்த கிட்னி வீங்கினாலும் வலி தெரியாதாம். அது அவளுக்குத் தெரியாது. குளிர்காய்ச்சல் கண்டவளை மோகன்ராஜ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது குழாய் முழுக்கக் கல் படிந்து அடைத்திருந்தது. அடிவயிற்றில் துளை போட்டுப் பை மாட்டினார்கள். மூன்று தடவை உள்ளே போய்க் கல்லை உடைத்துக் குழாயை எடுத்தார்கள். பையில் சிறுநீர் நாளுக்கு நாள் குறைந்தது. இனிமேல் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மயிலாள் கட்டிலோரம் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்னியில் கல் அடைத்துக்கொண்டது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காட்டுல தண்ணி குடிக்காமக் கெடந்த ஒடம்பு கண்ணு. என்ற கிட்னி சொத்தையாத்தான் இருந்திருக்கு. உன்னைய ஏமாத்திப்போட்டன்."

சித்ரகலாவால் அதைத் தாங்க முடியவில்லை. குழாயை எடுக்காமல் பஸ் ஏறியது, பொய் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

மயிலாள் பையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நான் குடுத்தது நல்ல கிட்னிதானா கண்ணு?"

"ஆமாங்கம்மா."

இத்தனை நாளும் அழாத மயிலாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.