படலையில் நின்று கதைத்தவர்கள்

போன ஞாயிறு பின்னேரம், அச்சுவேலியில் ஒரு வீட்டு வாசற் படலையடியில் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.

இதையும் ஒரு விஷயமென்று எழுத வந்துவிட்டாரே என்கிறீர்களா? பொறுங்கள். நிறுத்தினேன் என்றால், எஞ்சினையே நிறுத்தினேன். சாவியைத் திருப்பி, சத்தம் அடங்கி, பக்கத்து வளவில் யாரோ தேங்காய் துருவுவது காதில் விழும் அளவுக்கு!

இந்தப் பேப்பர் வெளியூர் வாசகர் யார் கையிலாவது போய்ச் சேர்ந்தால், அவருக்காக ஒரு விளக்கம். யுத்தத் தடையால் இங்கே பெற்றோல் வருவதில்லை. எங்கள் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. கார்பரேட்டரின் வாயில் பத்துச் சொட்டுப் பெற்றோல் விட்டு, உதைத்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய். அந்தப் பத்துச் சொட்டுக்குத்தான் நாய் படாத பாடு.

ஆகவே ஒருமுறை எழுப்பிய எஞ்சினை யாரும் நிறுத்துவதில்லை. கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், வாசலில் அது புகைத்துக்கொண்டு நிற்கும். செத்தவீட்டில்கூட வலது கையை அக்ஸிலேற்றரில் வைத்தபடி துக்கம் விசாரித்தவன் நான்.

என் வண்டியை உங்களுக்குத் தெரியும். இருநூறு சீசீ. பெரிதுமில்லை, சிறிதுமில்லை, என் சக்திக்கு ஏற்றது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. சித்திரை வெயிலில் சீற்றில் குந்த முடியாது. மாரியில் பிளக் நனைந்து மக்கர் பண்ணும். வெயிலோ மழையோ, வருஷம் முழுக்க எனக்கு அதுதான் துணை. மனைவி மகனோடு கொழும்புக்குப் போன பிறகு அளவெட்டியில் நானும் அதுவும்தான் இருக்கிறோம். இரவில் அதை ஹோலுக்குள் ஏற்றி வைப்பேன். சில நாட்களில் அதோடு கதைப்பதும் உண்டு… சிரிக்காதீர்கள்.

சரி, அச்சுவேலிக்கு வருகிறேன். அங்கே இருந்தவர் என் பழைய நண்பர். பெயர் எழுத மாட்டேன், காரணம் பிறகு புரியும். தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். பதினைந்து வருஷம் இதே வண்டியின் பின் சீற்றில் என்னோடு வேலைக்கு வந்தவர். இடம்பெயர்ந்ததில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவரும் என்னைப் போலத் தனி. மூன்று கோழிகள் வைத்திருந்தார்.

ஞாயிறு தவறாமல் போவேன். வண்டிச் சத்தத்துக்கு அந்தக் கோழிகள் சிதறி ஓடும். அவர் படலைக்கு வருவார். நான் வண்டியில் இருந்தபடியே அவருடைய சுகத்தை விசாரிப்பேன். இருக்கிறேன் என்பார். மழை, சாமான் விலை, மண்ணெண்ணெய் என்று கால் மணித்தியாலம் கத்திக் கத்திக் கதைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதைத்தான் நான் கதைப்பது என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு கிழமையும் அவர் கேட்பார்.

“நிப்பாட்டிப் போட்டு உள்ளுக்கு வாருமன், ஐசே. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

நான் என் வெறும் பெற்றோல் போத்தலைத் தூக்கிக் காட்டுவேன். இருவரும் சிரிப்போம்.

அதற்கு முந்தின ஞாயிறு, நான் போனபோது கோழிகள் ஓடவில்லை. கோழிகளே இல்லை. கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு படலைக்கு வந்தார். வழக்கம்போலச் சிரிக்கவுமில்லை. கிட்ட வந்து, “உம்மோடை ஒண்டு ஆறுதலாய் இருந்து கதைக்கவேணும்” என்றார்.

அன்றைக்கென்று பார்த்து எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டால் அளவெட்டி வரை யார் உருட்டுவது? “அடுத்த கிழமை வாறன்” என்று சொல்லி அக்ஸிலேற்றரை முறுக்கினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அடுத்த கிழமைதான் நான் முதலில் சொன்ன ஞாயிறு. படலையில் சங்கிலி. கோர்ன் அடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து, வண்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

“அதை நிப்பாட்டுங்கோ, அண்ணை. இதைக் கத்திச் சொல்ல ஏலாது.”

அப்போதுதான் நிறுத்தினேன்.

வியாழக்கிழமை போய்விட்டாராம். இரவோடிரவாக வள்ளத்தில், நேவி கண்டால் சுடும் கிளாலிக் கடல் தாண்டி, கொழும்பு போய், அங்கிருந்து வெளிநாட்டில் இருக்கிற மகளிடம். இனித் திரும்பி வரும் எண்ணமில்லையாம். இப்படியான பயணங்களை இங்கே யாரும் றோட்டில் நின்று சொல்வதில்லை, கரை சேரும்வரை வாய் திறப்பதில்லை. இப்போது பெயர் எழுதாத காரணம் புரிகிறதா? சேர்ந்தாரோ என்னவோ, எனக்கு இன்னும் தெரியாது.

அந்தப் பெண் உள்ளே போய் ஓர் இருமல் மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மூடிவரை பெற்றோல்.

“கோழியளைக் குடுத்து மாத்தினவர். போன ஞாயிறு இதை உங்கடை கையிலை தந்து, எஞ்சினை நிப்பாட்டச் சொல்லி, உள்ளுக்கு இருத்திக் கதைக்கவேணும் எண்டு நிண்டவர். தேத்தண்ணியும் போட்டு வைச்சவர், அண்ணை.”

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்தப் பெண்ணின் முன்னாலேயே அழுதேன். விடைபெற ஒரு மனிதன் மூன்று கோழிகளையும் கொடுத்திருக்கிறான். நான் பத்துச் சொட்டைக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

தனிமை, தனிமை என்று இந்தப் பக்கத்தில் எத்தனை கிழமை புலம்பியிருப்பேன்? நீங்களும் பாவம், பொறுமையாக வாசித்தீர்கள். அதில் பாதியை நானே ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. எத்தனை படலை… எத்தனை தேத்தண்ணி!

எதிர்ப்புற மதகில் நெடுநேரம் இருந்தேன். எஞ்சின் நன்றாக ஆறிவிட்டது. என் போத்தலில் ஒரு சொட்டுமில்லை. அவருடைய போத்தலைத் திறக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருநூறு சீசீயை அளவெட்டி வரை உருட்டத் தொடங்கினேன்.

பாதி வழியில் தெரிந்தவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார். காலை ஊன்றி, எஞ்சினை இரைய விட்டபடியே, “என்ன, பெற்றோல் இல்லையோ?” என்று கத்தினார்.

“இருக்கு” என்றேன்.

அவர் எஞ்சினை நிறுத்தியிருந்தால், மிச்சத்தையும் சொல்லியிருப்பேன்.