மேசைமேல் இரண்டு விமானங்கள்

"பிள்ளை குட்டி உண்டா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "இல்லை சார்" என்று சொல்லிச் சொல்லி அகுஸ்தேனுக்கு நாக்கு பழகிவிட்டது. பாவம், மனிதர் வேறென்ன செய்வார்? சைகோன் விமானத்தளத்தில், அமெரிக்க அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. ஒரே மகன் சவரி, பிரெஞ்சுக்காரன் தோற்று நாடு இரண்டாக வெட்டுப்பட்ட வருஷம் விடுதலைப் படையோடு வடக்கே போனவன். பாரிஸிலிருக்கும் மைத்துனி ஏவ்லின் மூலம்தான் அவன் சேதி வரும். ஹனோய்க்குப் பக்கத்தில் ராடார் முன்னால் உட்கார்ந்து, வருகிற விமானங்களைக் காட்டிக்கொடுக்கிறானாம். இது வெளியே தெரிந்தால் அகுஸ்தேன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை சைகோன் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை உண்டு. யாருக்காவது வேண்டிக்கொள்ளப் பெயர் கொடுத்தால், சொந்த ஊரான காரைக்கால் வழக்கப்படி தகப்பன் பெயரையும் சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்று சாமியார் சத்தமாக வாசிப்பார். அகுஸ்தேன் மட்டும் வெறுமனே 'சவரி' என்று கொடுப்பார்.

"ஏங்க, அப்பன் பேரில்லாத புள்ளையா அவன்?" என்று மனைவி ஒடெட் ஒவ்வொரு தடவையும் அழுவாள்.

"தளத்துல வேலை பாக்குற நம்ம ஆளுங்க பாதிப் பேரு கோயில்லதான் இருக்கானுவ. வாய மூடிட்டு வாடி."

அறுபத்தாறாம் வருஷம், தாய்லாந்திலிருந்து வடக்கே பறக்கும் அமெரிக்க விமானக்காரர்கள் சிலர் ஆலோசனைக்காகச் சைகோன் வந்தார்கள். அவர்களில் ஒருவன் கர்டிஸ். தட்டு வைத்தால் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லும் நல்ல பிள்ளை. விமானத்தில் அவனுக்குப் பின் இருக்கை. முன்னால் இருப்பவன் ஓட்ட, இவன் எதிரி ராடாரின் சிக்னலைக் காதில் கேட்டுத் திசை சொல்ல வேண்டும். ராடார் தங்களைப் பார்க்கும்படி வேண்டுமென்றே முன்னே போய், பார்த்த ராடாரையே அடிக்க வேண்டும். தூண்டில் புழுவாகத் தொங்கிக்கொண்டே மீனைக் கடிக்கிற வேலை!

அதற்கு எந்த விமானம் சரி என்றுதான் சாப்பாட்டு மேசையில் ஓயாத வாதம். கர்டிஸ் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அகுஸ்தேனை அவர்கள் 'கஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கஸ், நீ சொல்லு. உப்பு பழைய விமானம். சொன்னபடி திரும்பும், ஆனா மெதுவாப் போகும். மிளகு புதுசு. கனம் அதிகம், வேகமும் அதிகம். எதை எடுக்கலாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அகுஸ்தேன் மிளகைப் பார்த்தார். வேகமானது வந்தால் சவரிக்கு எழுந்து ஓடக்கூட நேரமிருக்காதே! அவர் விரல் தானாக உப்பைத் தொட்டது.

"அடப்பாவி! அதுல போனா நான் திரும்பி வரவே மாட்டேன். எங்கம்மா உன்னைச் சும்மா விடமாட்டா," என்றான் கர்டிஸ்.

அகுஸ்தேன் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். 'இந்தப் பிள்ளை சாகட்டும் என்றா விரலை நீட்டினேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார்.

அவர் சொல்லியா எதுவும் நடக்கப் போகிறது? மேலிடம் வேகமானதைத்தான் எடுத்தது. கர்டிஸும் அதில்தான் போனான். மழைக்காலத்தில் ஒரு மதியம், முன்பு அவனோடு ஆலோசனைக்கு வந்த இன்னொருவன் மட்டும் வந்து உட்கார்ந்தான்.

"கர்டிஸ் போயிட்டான், கஸ். ஒரு ராடாரை அழிச்சிட்டான். அதுக்குள்ள இன்னொண்ணு அவனைப் பிடிச்சு, ஏவுகணை அடிச்சிடுச்சு."

எந்த ராடார், அதில் யார் இருந்தார்கள் என்று அகுஸ்தேன் கேட்க முடியுமா? "சரி சார்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

"நம்ம சவரி?" என்று வீட்டில் ஒடெட் கேட்டாள். "தெரியலடி" என்றார்.

அடுத்த தமிழ்ப் பூசைக்கு முன் சாமியாரிடம் போனார்.

"ரெண்டு பேரு வாசிக்கணும் சாமி. உயிரோட இருக்குறவங்கள்ல, அகுஸ்தேன் மகன் சவரி."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "வெளியில தளத்து ஆளுங்க இருக்காங்க, தெரியுமில்ல?"

"தெரியும் சாமி. சத்தமாவே வாசிங்க."

"இன்னொரு பேரு?"

"செத்தவங்கள்ல. கர்டிஸ்."

"அப்பன் பேரு?"

அகுஸ்தேனுக்குத் தெரியாது. அம்மாவைப் பற்றி மட்டும்தான் அந்தப் பிள்ளை சொல்லியிருந்தான்.

"அவனுக்கும் என் பேரையே போடுங்க சாமி."