எந்த நாட்டு முத்திரைங்க இது?

நகைக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தங்கத்தால் ஒரு தொல்லையும் கிடையாது. அது வாய் திறந்து பேசாது. தொல்லையெல்லாம் அதன் உள்பக்கத்தில் கடுகளவுக்கு அடித்திருக்கிற முத்திரையால்தான். நான் பதுளை பஜாரில் ஒரு கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சவூதிக்குப் போகாத வீடு, கட்டாருக்குப் போகாத லயக் குடியிருப்பு கிடையாது. திரும்பி வருகிறவர்கள் கழுத்தில் அந்தந்த நாட்டு முத்திரையோடு வருவார்கள். வந்ததும் நேராக என் லென்ஸுக்குக் கீழே நீட்டி, "இது நல்லதா தங்கச்சி?" என்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, "நல்லது" என்று சொன்னாலும் நாம் தப்பிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

பெயிலான சங்கிலி

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் செல்வமணி அக்கா. சவூதியில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்து, மகள் கல்யாணத்துக்கென்று ஒரு சங்கிலி வாங்கி வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா அதன் கொக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 875 என்று இருக்கிறதே, நல்ல தங்கத்தில் 916 அல்லவா இருக்கும் என்று கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் விளக்கினேன். "ஆயிரம் பங்குல எண்ணூத்தி எழுவத்தஞ்சு பங்கு தங்கம்மா. இருபத்தோரு கரட். அந்தப் பக்கத்து நாட்டுல அதான் வழக்கம். நம்ம ஊருல இருபத்திரண்டு." மாப்பிள்ளையின் அம்மா, "அப்ப கொறச்சல்தானே?" என்று என்னைத்தான் மடக்கினார். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்ற செல்வமணி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷத்து அடுப்புச் சூடு அந்தச் சங்கிலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கல்யாணம் நடந்ததும், சங்கிலி பெண்ணின் கழுத்தில் ஏறியதும் என் விளக்கத்தால் இல்லை, அந்தக் கேள்வியால்தான்:

"ஆயிரத்துக்கு எண்ணூத்தி எழுவத்தஞ்சு எடுத்த சங்கிலிய பெயில்னு சொல்றீங்களே சம்பந்தி, ஓ.எல். பரீட்சையில கணக்குப் பாடத்துல ஒங்க மகன் எவ்வளவு எடுத்தாருன்னு நான் ஒரு வார்த்த கேட்டேனா?"

சிங்கம் எங்கே?

எல்ல என்ற ஊரில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரை ஓட்டோக்காரர் சிவா கூட்டிவந்தார். அம்மாவுக்கு வெள்ளி வளையல் வேண்டுமாம். ஒன்று பிடித்துப்போய், உள்ளே 925 என்று இருப்பதையும் பார்த்தார். அப்புறம் வளையலைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். எதையோ தேடுகிறார். அவர் கேட்டதைச் சிவா எனக்குச் சொன்னார்: "அக்கா, சிங்கம் எங்கன்னு கேக்குறாரு."

விஷயம் இதுதான். அவர்கள் நாட்டில் சோதித்துத் தேறிய வெள்ளியில் ஒரு நடக்கும் சிங்கத்தை அடிப்பார்களாம். அம்மா வளையலை வாங்கியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் சிங்கத்தைத்தான் தேடுவாராம். அது அந்த நாட்டு முத்திரை, நாங்கள் அடித்தால் கள்ள முத்திரை ஆகிவிடும் என்று என் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவருக்குப் புரிந்தது, ஆனால் முகம் வாடிவிட்டது. வியாபாரம் கைநழுவுகிறது என்று தெரிந்ததும் சிவா, சுவரில் மாட்டியிருந்த தேசியக் கொடியைக் காட்டிச் சிரிக்கச் சிரிக்க ஏதோ சொன்னார். வெள்ளைக்காரரும் சிரித்துக்கொண்டே வளையலை வாங்கிப் போய்விட்டார். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒங்க சிங்கம் சும்மா நடந்து போவுது, எங்க சிங்கம் வாளப் புடிச்சிக்கிட்டு நிக்குது, எது நல்லா காவல் காக்கும்னு ஒங்கம்மாகிட்டயே கேளுங்கன்னேன், அக்கா."

மச்சான் பெயர்

கணவனும் மனைவியும் ஒரு மோதிரத்தோடு வந்தார்கள். கட்டாரில் இருக்கும் பெண்ணின் அண்ணன், தங்கை புருஷனுக்கு ஆசையாய் அனுப்பியது. விரலுக்கு இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். லென்ஸை வைத்துப் பார்த்தேன். உள்ளே '18K GP'. அந்தக் கடைசி இரண்டு எழுத்துக்கு 'மேலே முலாம் பூசியது' என்று அர்த்தம். சூடு காட்டினால் முலாம் போய்விடும். எப்படிச் சொல்வது?

நான் தயங்குவதைப் பார்த்த அந்தப் பெண் முகமெல்லாம் பூரிப்பாக, "அது எங்க அண்ணன் பேருங்க. ஜி. பெருமாள். பேரு வெட்டியே அனுப்பிருக்காரு" என்றார். இதற்கு மேல் மறைத்தால் பாவம் என்று நினைத்து, தங்கம் மேலே மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. கணவர் மோதிரத்தை வாங்கிச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"வுடு புள்ள, ஒங்கண்ணன் பேரேதான். அவனும் மேலுக்கு மட்டுந்தானே மினுக்குவான்."

இரட்டை அடி

எங்கள் கடைக்கு நகை செய்யும் பத்தருக்கு ஒருநாள் கை வழுக்கி, ஒரு தோட்டின் பின்பக்கத்தில் 22 என்ற முத்திரை இரண்டு தடவை விழுந்துவிட்டது. அரத்தால் ராவி எடுத்துத் தருகிறோம் என்று சொன்னால், வாங்க வந்த அம்மா தோட்டைக் கையில் பொத்திக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். சுத்தத் தங்கமே இருபத்து நான்கு கரட்தான், அதற்கு மேல் உலகத்தில் கிடையாது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

"அது ஒனக்குத் தெரியும், எனக்குந் தெரியும், எங்க ஓரகத்திக்குத் தெரியவா போவுது?"

லண்டனில் ஒரு தாலிக்கொடி

ஹாலிஎலையிலிருந்து முத்தம்மா அழுதுகொண்டே ஓடிவந்தார், கையில் போன், போனில் லண்டனிலிருந்து அவர் மகள் கமலா. கமலாவின் கல்யாணத்துக்குத் தாலிக்கொடி எங்கள் கடையில் செய்தது. அங்கே அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆட்களைத் தூக்கி உட்கார வைக்கும்போது கொடி மாட்டி இழுக்கிறதாம். அதைக் கொடுத்துவிட்டு மெல்லிய கொடியாக மாற்றலாம் என்று ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். எங்கள் முத்திரையைப் பார்த்த கடைக்காரர், இது எங்களுக்குச் செல்லாது, கழற்றிக் கொடு, சோதிக்க வேண்டும் என்றிருக்கிறார். கமலா கழற்ற மாட்டேன் என்று கடையிலேயே நிற்கிறாள்.

எங்கள் முதலாளி போனைப் பிடுங்கி அந்தக் கடைக்காரரிடம், "இது எங்கப்பா காலத்துக் கடை. பதுளையில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!" என்றார். அவர் மிகவும் மரியாதையாக, பதுளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். முதலாளி போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான்தான் பேசினேன். சில நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, தராசு படம் போட்ட ஒரு பொது முத்திரை வைத்திருக்கின்றனவாம். அது இருந்தால் மறுபேச்சு இல்லை, இல்லாவிட்டால் சோதனைதான் என்றார். உரசுவீர்களா என்று கேட்டேன். இல்லை, மெசினில் வைத்தால் போதும், ஒரு கீறல் விழாது என்றார்.

முத்தம்மா அழுகையை நிறுத்தி, முதலில் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டு, அப்புறம் கழற்று என்று மகளுக்கு வழி சொன்னார். கமலா வீட்டுக்குப் போய் அப்படியே செய்துவிட்டு வந்தாள். மெசின் இருபத்திரண்டு கரட் என்று காட்டியது. முதலாளி, தானே பரீட்சை பாஸான மாதிரி எல்லோருக்கும் பிளேன்டீ வரவழைத்தார். முத்தம்மா மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டார்:

"புள்ளைக்கி விசா எடுக்கத்தான் கொழும்புக்கும் பதுளைக்கும் நாயா அலைஞ்சோம், தாலிக்கும் ஒண்ணு எடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லலியே!"

தேவராஜ் ஐயாவின் தோடு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற தேவராஜ் ஐயா, திருச்சிக்குப் போய், அந்தக் காலத்தில் அங்கிருந்து இங்கே தோட்ட வேலைக்கு வந்த அவர் தாத்தாவின் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே மனைவிக்கு வாங்கிய தோட்டின் திருகு சேரவில்லை, மாற்றித் தாருங்கள் என்று வந்தார். தோட்டில் இந்திய முத்திரை, 916, பக்கத்தில் ஒரு எழுத்துக் கோர்வை. அதைப் போனில் அடித்தால் நகையின் ஜாதகமே வருகிறது. ஐயா பெருமையாக எங்களுக்கு அடித்துக் காட்டினார்.

முதலாளி, "அதெல்லாம் அந்த நாட்டுக்குங்க. எங்க கடைக்கு உரசித்தான் பார்க்கணும்" என்று உரைகல்லை எடுத்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஐயாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே தோட்டை நீட்டினார்:

"நல்லா ஒரசுங்க மொதலாளி. எங்களையே இந்த நாட்டு ஆளுன்னு ஒத்துக்க அம்புட்டு வருசம் எடுத்தீங்க, போன வாரம் வந்த தோட்ட சும்மாவா வுட்டுருவீங்க?"

நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போட்டு ஒருவர் முத்திரையை ஒருவர் ஏற்றுக்கொள்வதெல்லாம் என்றைக்காவது நடந்துவிடும், சொந்தக்காரர்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம் போட்டுவைக்கத்தான் எந்த அரசாங்கத்துக்கும் இன்னும் தைரியம் வரவில்லை.