பெரியம்மாவின் செத்த ரேடியோ

என் கோழிக்கிறுக்கலையும் எழுத்துப் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கைவேலையில் மட்டும் பிழை வராது.

இன்று பழைய வீடியோகேம் போர்டு ஒன்றிலிருந்து கெட்டுப்போன சிப்பைக் கழற்றினேன். அந்தச் சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அது உள்ள செத்த போர்டு கோவை மெக்கானிக் ஒருவரிடம் இருக்கிறது. முன்பின் பேசாதவரிடம் கேட்கக் கூச்சம். ஈயப்புகை மூக்கில் ஏறியதும் எழுபதுகளில் நாங்கள் இருந்த ஏலப்பாறை எஸ்டேட் லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், நினைவுக்கு வந்தது.

அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் ஒரே மாதிரி ரேடியோ இருந்தது. குழாயடிச் சண்டையில் இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. எங்கள் ரேடியோ நின்றபோது, டிரான்சிஸ்டர் போய்விட்டது, கடையில் கிடைக்காது என்றார் அங்கிருந்த ரேடியோ மெக்கானிக். பெரியம்மாவின் ரேடியோ ஸ்பீக்கர் கிழிந்து பரணில் கிடந்தது. அம்மா கேட்கமாட்டாள். வாயே திறக்காத நான் போய்க் கேட்டேன்.

“ஒங்கம்மா அனுப்புனாளாலே?”

“இல்ல பெரியம்மா, நானாத்தான் வந்தேன்.”

“அவ பாட்டு கேக்கணும், நான் சும்மா இருக்கணுமாக்கும்!”

ஆனாலும் ரேடியோவை அவளே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மெக்கானிக் வந்து அதன் டிரான்சிஸ்டரை எங்கள் ரேடியோவில் மாற்றியதும் பாட்டு வந்தது. அம்மா பெரியம்மாவின் முகம் பார்க்காமல் பால் விடாத கட்டன்சாயாவை நீட்டினாள்.

“சீனி பத்தல,” என்றாள் பெரியம்மா.

“உனக்கு எப்பத்தான் பத்திருக்கு?” என்றாள் அம்மா.

கோவைக்காரருக்கு இப்போதுதான் போன் செய்தேன். “நாளைக்கே வாங்க,” என்றார்.

ஆவணி முதல் தேதி.